அப்கிரேடு பாதியில் நின்றுபோன பழைய லேப்டாப்பை மீட்பது எப்படி?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. அன்று பிளஸ் டூவிலும் கல்லூரியிலும் படித்தவர்களுக்குக் கிடைத்த லேப்டாப்களில் பல இன்னும் டெல்டா வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அண்ணன் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போயிருப்பார். லேப்டாப் தங்கச்சி கையில் இருக்கும். டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பது, அப்பாவின் பட்டா, சிட்டா, அடங்கலை இறக்குவது, பயிர்க் காப்பீட்டு ரசீதைச் சேமித்து வைப்பது எல்லாம் அதில்தான் நடக்கும்.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதனால் பலரும் இப்போது புதிய சிஸ்டத்துக்கு மாறப் பார்க்கிறார்கள். அந்த அப்கிரேடு பாதியில் நின்று, திரை கருப்பாகிவிடுகிறது. இல்லையென்றால் ஒரு எண்ணைக் காட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. கடைக்குக் கொண்டுபோனால், "இது ரொம்பப் பழசு, புதுசு வாங்கிடுங்க" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது.

அது அவசரப் பதில் என்பது என் கருத்து. அப்கிரேடு தோற்ற லேப்டாப்பில் பெரும்பாலும் ஏதோ ஒரு இடத்தில்தான் கோளாறு இருக்கும். கரண்ட் போயிருக்கலாம், ஹார்ட்டிஸ்க் தேய்ந்திருக்கலாம், கடிகாரம் பின்னால் போயிருக்கலாம், இடம் போதாமல் இருக்கலாம், ஒரு டிரைவர் (லேப்டாப்பின் ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்) ஒத்துவராமல் இருக்கலாம். எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தெரிந்துகொள்ளாமல் அதே அப்கிரேடைத் திரும்பத் திரும்ப ஓட்டினால், இருக்கும் கோப்புகளும் போய்விடும். கணினி ரிப்பேர் பழக்கமே இல்லாதவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வரிசையாகச் செய்யுங்கள், எதையும் தாண்டாதீர்கள்.

முதலில் பவர் பட்டனிலிருந்து கையை எடுங்கள்

திரையில் சுழலும் வட்டம், அதற்குக் கீழே "செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்" என்ற பொருளில் ஆங்கில வரி. விண்டோஸ் அப்கிரேடு தோற்கும்போது இதுதான் வரும். பழைய ஹார்ட்டிஸ்க்கில் இது ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஓடலாம். இந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்தி அணைத்தால் பழைய சிஸ்டமும் கிடைக்காது, புதியதும் கிடைக்காது.

லேப்டாப்பின் முன்விளிம்பிலோ பக்கத்திலோ ஹார்ட்டிஸ்க் விளக்கு ஒன்று இருக்கும். உருளை போன்ற சின்னம் போட்டிருப்பார்கள். அது விட்டு விட்டு மினுக்கினால் வேலை நடக்கிறது, விட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரமாக அந்த விளக்கு அசையவே இல்லை, வட்டமும் உறைந்து நிற்கிறது என்றால் மட்டும் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். திரையில் ஏதாவது எண் தெரிந்தால் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் அந்த எண் தேவைப்படும்.

கோப்புகளை வெளியே எடுப்பது

விண்டோஸ் திறக்காவிட்டால் கோப்புகள் போய்விட்டன என்று பலர் அழுதே விடுகிறார்கள். கோப்புகள் அங்கேயேதான் இருக்கும், உள்ளே போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது. வேறு வழியாக உள்ளே போகலாம்.

நண்பரின் கணினியிலோ பிரவுசிங் சென்டரிலோ உட்கார்ந்து, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச சிஸ்டமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை இறக்கி ஒரு 8 ஜிபி பென்டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு ரூஃபஸ் என்ற இலவசக் கருவி போதும். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியானதை எடுங்கள். அதை லேப்டாப்பில் செருகி, ஆன் செய்த உடனே பூட் மெனு (எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். லெனோவோவிலும் டெல்லிலும் எஃப்12. ஹெச்பியில் எஃப்9. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல ஏசர் மாடல்களில் அது முடக்கப்பட்டிருக்கும்; எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) போய் எஃப்12 பூட் மெனு என்ற வரியை எனேபிள் செய்த பிறகுதான் வேலை செய்யும்.

பென்டிரைவ் பட்டியலில் தெரியவே இல்லையென்றால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். உள்பக்கம் நீல நிறமாக இருக்கும் யுஎஸ்பி துளையை விட்டுவிட்டு, கருப்புத் துளையில் செருகுங்கள். பழைய பயாஸ் சிலவற்றுக்கு நீலத் துளையிலிருந்து பூட் ஆகத் தெரியாது. அடுத்து, ரூஃபஸில் பார்ட்டிஷன் முறை என்ற இடத்தில் ஜிபிடி இருந்தால் அதை எம்பிஆர் என்று மாற்றி மறுபடி எழுதுங்கள். 2012க்கு முன் வந்த லேப்டாப்களில் பெரும்பாலானவை எம்பிஆர் முறையைத்தான் புரிந்துகொள்ளும்.

மின்ட் திரை வந்ததும் இன்ஸ்டால் என்ற ஐகானைத் தொடாதீர்கள். பென்டிரைவிலிருந்தே ஓடும் தற்காலிக சிஸ்டம் அது. உங்கள் ஹார்ட்டிஸ்க்கை அதுவாக எதுவும் செய்யாது. ஃபைல் மேனேஜரைத் திறந்தால் இடதுபக்கம் உங்கள் டிரைவ்கள் தெரியும். யூசர்ஸ் கோப்புறைக்குள் உங்கள் பெயரில் இருப்பதை அப்படியே இன்னொரு பென்டிரைவுக்கோ எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கோ நகலெடுங்கள். அப்கிரேடு பாதிவரை ஓடியிருந்தால் உங்கள் கோப்புகள் விண்டோஸ்.ஓல்டு என்ற கோப்புறைக்குள் போயிருக்கலாம். அங்கேயும் பாருங்கள்.

இந்த இடத்தில் நம் ஆட்களுக்கென்றே ஒரு எச்சரிக்கை. போட்டோ, வேர்டு கோப்பு எல்லாம் எடுத்துவிட்டு எழுத்துருக்களை மறந்துவிடுகிறார்கள். கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழ், சங்கத் தீர்மானம், டியூஷன் சென்டர் கேள்வித்தாள் என்று பழைய லேப்டாப்பில் இருக்கும் தமிழ்க் கோப்புகளில் பல பாமினியிலோ வானவில்லிலோ அடித்தவை. அவை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் இல்லை. புதிய சிஸ்டத்தில் அந்த எழுத்துரு இல்லையென்றால் தலைப்பிலிருந்து கடைசி வரிவரை ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்களும் உண்டு. சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்று இருக்கும். அதை முழுவதுமாக நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்ட்டிஸ்க் நலமா?

பத்து வருடம் சுழன்ற ஹார்ட்டிஸ்க்கில்தான் அப்கிரேடு அதிகம் தோற்கிறது. மற்ற எதையும் தொடுவதற்கு முன் இதைச் சோதித்துவிடுங்கள்.

மின்ட் பென்டிரைவில் பூட் ஆகியிருக்கும்போதே மெனுவில் டிஸ்க்ஸ் என்ற செயலியைத் திறங்கள். இடதுபக்கம் உங்கள் ஹார்ட்டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மேலே மூன்று புள்ளி மெனுவில் ஸ்மார்ட் தகவல் என்பதைப் பாருங்கள். நீண்ட பட்டியல் வரும். அதில் இரண்டே வரிகள் போதும்: ரீஅலொகேட்டட் செக்டர் எண்ணிக்கை, கரண்ட் பெண்டிங் செக்டர் எண்ணிக்கை. இரண்டும் பூஜ்யமாக இருந்தால் நல்லது. முதலாவது சிறிய எண்ணாக இருந்து, மாதக்கணக்கில் கூடாமல் இருந்தால் ஓட்டலாம். இரண்டாவதில் எண் இருந்தால் அந்த டிஸ்க்கில் படிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன என்று பொருள். எத்தனை முறை அப்கிரேடு செய்தாலும் அந்த இடத்துக்கு வரும்போது நின்றுவிடும். விண்டோஸ் திறக்கிறது என்றால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசக் கருவி இதையே நிறத்தில் காட்டும்: நீலம் நலம், மஞ்சள் கவனம், சிவப்பு ஆபத்து.

மஞ்சளோ சிவப்போ வந்தால் பேச்சே வேண்டாம், டிஸ்க்கை மாற்றுங்கள். இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) ஒன்று வாங்கினால் அதே இடத்தில் அதே ஸ்க்ரூவில் உட்காரும். 240 ஜிபி அளவே தாராளம். நல்ல டிஸ்க் இருப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். பழைய லேப்டாப்புக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் அது எஸ்எஸ்டியாக இருக்கட்டும். ஆன் ஆகும் நேரம் நிமிடங்களிலிருந்து நொடிகளுக்கு இறங்குவதை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

கரண்ட்

பழைய லேப்டாப்பில் பேட்டரி செத்திருக்கும், சார்ஜரில்தான் ஓடும். சார்ஜர் பின் லேசாக அசைந்தாலும் அணைந்துவிடும். இந்த நிலையில், அப்கிரேடு நடுவே கரண்ட் போனால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

குறுவைக்கு மோட்டார்கள் ஓடும் நாட்களில் கிராமத்து லைனில் வோல்டேஜ் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எப்போது கரண்ட் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலைவரை மின்தடை என்று முன்கூட்டியே செய்தித்தாளில் வரும். அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில், இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் பிளக்கில் செருகிச் செய்வதுதான் சரி. வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ கேளுங்கள். யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. சுத்தமாகச் சார்ஜ் இறங்கிய நிலையில் அலமாரியில் கிடக்கும் பேட்டரி பிறகு எழுந்திருப்பதே இல்லை. லேப்டாப்பை நெடுநாள் ஓரமாக வைக்க வேண்டியிருந்தால் பாதிச் சார்ஜ் ஏற்றி வையுங்கள்.

கடிகாரத்தைப் பாருங்கள்

இதை யாரும் சந்தேகப்படுவதில்லை, அதனால்தான் விரிவாகச் சொல்கிறேன். லேப்டாப்பை ஆன் செய்ததும் தேதி 2009 என்றோ 2012 என்றோ காட்டுகிறதா? மதர்போர்டில் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி இருக்கிறது. லேப்டாப் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துவிட்டால், சார்ஜரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும்.

தேதி தவறினால் அப்கிரேடு ஏன் தோற்க வேண்டும்? பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டும். அந்தச் சான்றிதழ் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று எழுதியிருக்கும். உங்கள் கணினி தன்னை 2009 என்று நினைத்துக்கொண்டிருந்தால், அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று முடிவு கட்டி இணைப்பை மறுத்துவிடும். பிரவுசரில் "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற எச்சரிக்கை வரும். விண்டோஸ் அப்டேட் காரணம் புரியாத எண்ணுடன் நிற்கும். டெபியன், மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளில் ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்ற பொருளில் வரி வரும். நெட் சரியில்லை என்று நினைத்து சிம் கார்டையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

தற்காலிகமாக, பயாஸுக்குள் போய் இன்றைய தேதியையும் நேரத்தையும் வைத்துவிட்டு, சார்ஜரைக் கழற்றாமல் வேலையைத் தொடருங்கள். நிரந்தரமாக அந்த பேட்டரியை மாற்ற வேண்டும். சில மாடல்களில் ரேம் மூடியைக் கழற்றினாலே தெரியும். பலவற்றில் மஞ்சள் அல்லது கருப்பு உறைக்குள் சுற்றப்பட்டு, சிவப்பும் கருப்புமாக இரண்டு மெல்லிய ஒயருடன் ஒரு சிறு பிளக்கில் மாட்டியிருக்கும். அப்படி இருந்தால் ஒயரோடு சேர்ந்ததையே கேட்டு வாங்குங்கள். ஒயரைக் காசு பேட்டரியில் நீங்களே பற்றவைக்க முயலாதீர்கள். சூட்டில் பேட்டரி வெடிக்கும்.

மூடியைக் கழற்றியதுதான் கழற்றினீர்கள்...

அப்படியே விசிறியையும் பாருங்கள். அப்கிரேடு என்பது கணினிக்குத் தொடர்ந்து பல மணி நேரம் கடுமையான வேலை. சூடு வெளியேறாவிட்டால் லேப்டாப் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே அணைந்துவிடும். அப்கிரேடு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நேரத்தில் அணைகிறது, தொட்டால் இடதுபக்கம் கொதிக்கிறது என்றால் காரணம் இதுதான்.

விசிறிக்கும், காற்று வெளியேறும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் ஒரு படலம் இருக்கும். மெல்லிய சாம்பல்நிறக் கம்பளிபோல் தகடுகளை முழுவதுமாக மூடியிருக்கும். நகத்தால் நெம்பினால் ஒரே துண்டாக உரிந்து வரும். தை, மாசி அறுவடைக் காலத்தில் களத்துத் தூசியும் நெற்சுணையும் வீட்டுக்குள் வருகிற ஊர்களில் இது இன்னும் கனமாக இருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போகாது. விசிறியைக் கழற்றி, படலத்தை எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். பிளோயர் வைத்து ஊதினால் விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிராசசர் மேலிருக்கும் ஹீட்சிங்கைக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டை (சூட்டைக் கடத்தும் பசை) துடைத்துப் புதியது வைக்காமல் மூடக்கூடாது.

வேதாரண்யம், நாகை, தரங்கம்பாடி எனக் கடலோரத்தில் இருப்பவர்கள் ரேம் பலகையையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் அதன் தங்கநிற விளிம்பு மங்கிப்போகும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டுங்கள். பென்டிரைவும் டிஸ்க்கும் நன்றாக இருந்தும் அப்கிரேடு கண்டபடி வெவ்வேறு இடங்களில் நிற்கிறது என்றால் சந்தேகம் ரேம்மீதுதான். மெம்டெஸ்ட்86+ என்ற சோதனையை இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ரேம் உதவாது.

விண்டோஸ் காட்டும் எண்கள்

போட்டோ எடுத்த எண்ணை இப்போது பாருங்கள். 80070070 என்று முடிந்தால் இடமில்லை. சி டிரைவில் குறைந்தது 32 ஜிபி காலியாக இருக்க வேண்டும். வீடியோக்களை வெளியே எடுத்துவிட்டு, டிஸ்க் கிளீனப்பில் சிஸ்டம் கோப்புகளையும் சேர்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

சி1900101 என்று வந்தால் டிரைவர் ஒத்துவரவில்லை. பிரிண்டர், டாங்கிள், மெமரி கார்டு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, ஆன்டிவைரஸை நீக்கி, கிராஃபிக்ஸ், வைஃபை டிரைவர்களைப் புதுப்பித்து ஒருமுறை முயலலாம். சி1900208 என்றால் ஏதோ ஒரு பழைய மென்பொருள் தடுக்கிறது, நீக்கிவிட்டு முயலுங்கள். சி1900200 வந்தால் இந்த லேப்டாப் குறைந்தபட்சத் தகுதிக்குள் வரவில்லை, அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

விலையில்லா மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆரம்ப வருடங்களில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும் மெனு வருமே, அது லினக்ஸின் கிரப். விண்டோஸ் அப்கிரேடு இடையில் பலமுறை ரீஸ்டார்ட் ஆகும். பூட் ஆகும் பகுதி லினக்ஸ் வசம் இருப்பதைப் பார்த்துக் குழம்பி, சிஸ்டம் ரிசர்வ்டு பகுதியைப் புதுப்பிக்க முடியவில்லை என்று நின்றுவிடும். இதைச் சரிசெய்யப் பல குறுக்குவழிகள் உண்டு. புதியவர்களுக்கு அவற்றில் எதையும் நான் சொல்லமாட்டேன். கோப்புகளை எடுத்துவிட்டீர்கள் அல்லவா? முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவுவதுதான் பத்திரமான வழி.

விண்டோஸ் 11 பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசரும் வேண்டும். சோதனையைத் தாண்டவைக்கும் வித்தைகள் வீடியோக்களில் நிறைய இருக்கின்றன. கோர் 2 டியோ காலத்து லேப்டாப்பில் அந்த வித்தையும் பலிக்காது. 24ஹெச்2 பதிப்பிலிருந்து பிராசசருக்குள்ளேயே இருக்க வேண்டிய பாப்கவுன்ட் என்ற கட்டளையை விண்டோஸ் எதிர்பார்க்கிறது. அது இல்லாத பிராசசரில் பூட் ஆகவே ஆகாது. அதற்காக இரவெல்லாம் உட்கார வேண்டாம்.

லினக்ஸ் அப்கிரேடு நின்றுவிட்டால்

ஏற்கெனவே மின்ட்டோ உபுண்டுவோ வைத்திருந்து, அடுத்த பதிப்புக்குப் போகும்போது கரண்ட் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆன் செய்யும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் கிரப் மெனு வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் ரெகவரி மோட். வரும் பட்டியலில் முதலில் கிளீன் என்பதைக் கொடுத்து இடத்தைக் காலி செய்யுங்கள். அப்புறம் நெட்வொர்க். அதன்பின் டிபிகேஜி. பாதியில் நின்ற மென்பொருள் பொட்டலங்களை அதுவே தேடிப் பிடித்து முடித்துவைக்கும். நெட்டுக்கு லேன் ஒயர் இருந்தால் நல்லது. வெளியே வந்து ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

எழுந்து, திரை மட்டும் கருப்பாக நிற்கிறதா? கிரப் மெனுவில் முதல் வரிமேல் நின்று ஆங்கில இ (e) எழுத்தை அழுத்துங்கள். லினக்ஸ் (linux) என்ற சொல்லில் தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு, நோமோட்செட் (nomodeset) என்பதை ஒரே சொல்லாகச் சிறிய ஆங்கில எழுத்துகளில் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். பழைய கிராஃபிக்ஸ் சிப்பின் டிரைவர் தகராறு செய்தால் இது தாண்டவைக்கும்.

கோப்பு கிடைக்கவில்லை, 404 என்று வரிசையாக வந்தால் உங்கள் பதிப்பின் காலம் முடிந்து, அதன் கோப்புகளைச் சேமிப்புக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள் என்று பொருள். டெபியனில் 10லிருந்து 11, 11லிருந்து 12 என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். தாண்டிக் குதித்தால் உடையும். ரொம்பப் பின்தங்கிவிட்டீர்கள் என்றால் அத்தனை படியும் ஏறுவதைவிடப் புதிதாக நிறுவுவது சீக்கிரம் முடியும்.

இன்னொரு சுவரும் இருக்கிறது. பிராசசரிலும் சிஸ்டத்திலும் 32 பிட், 64 பிட் என்று பழையதும் புதியதுமாக இரண்டு வகை உண்டு. 32 பிட் மின்ட் 19 வைத்திருப்பவர்களுக்கு அடுத்த பதிப்பே கிடையாது. மின்ட் 20லிருந்து 64 பிட் மட்டும்தான். 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு அப்கிரேடு என்று ஒன்று இல்லை, விண்டோஸிலும் அப்படித்தான்.

எதை நிறுவுவது

முதலில் பிராசசர் 64 பிட்டா என்று தெரிய வேண்டும். விண்டோஸ் 10ல் சிஸ்டம் தகவல் பக்கத்தில், சிஸ்டம் 32 பிட் என்று இருந்தாலும் பிராசசர் எக்ஸ்64 என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். அப்படி இருந்தால் தாராளமாக 64 பிட் போடலாம்.

4 ஜிபி ரேமும் 64 பிட்டும் இருந்தால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. புதியவர்களுக்கு அதைவிட எளிதானதை நான் பார்த்ததில்லை. ரேம் 2 ஜிபிதான் என்றால் முதலில் ரேமைக் கூட்டப் பாருங்கள். டிடிஆர்3 வகைப் பழைய ரேம் பலகைகள் சர்வீஸ் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். கூட்ட முடியாவிட்டால் எல்எக்ஸ்க்யூடி என்ற இலகுவான முகப்புடன் டெபியன் 12. பிராசசரே 32 பிட் என்றாலும் டெபியன் 12தான், இல்லையென்றால் ஆன்டிஎக்ஸ் 23 என்ற லினக்ஸ். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ல் 32 பிட் கணினிகளுக்கான இன்ஸ்டாலர் இல்லை. அவசரப்பட்டு அதை இறக்கி டேட்டாவை வீணாக்காதீர்கள்.

டேட்டா என்றதும் இன்னொன்று. மின்ட் கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி. தினம் ஒன்றரை, இரண்டு ஜிபி கிடைக்கும் பேக்கில் இறக்கினால் நடுவே வேகம் செத்துவிடும், கோப்பு அரைகுறையாக முடியும். அரைகுறைக் கோப்பை பென்டிரைவில் எழுதினால் இன்ஸ்டால் பாதியில் நிற்கும், நீங்கள் லேப்டாப்பைத் திட்டுவீர்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோடு மேனேஜரிலோ டோரன்ட்டிலோ இறக்குங்கள். இறக்கியதும் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடுங்கள். 7-ஜிப் நிறுவியிருந்தால் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ஷா-256 எண்ணை எடுக்கலாம். அது இறக்கிய தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு எழுத்து எழுத்தாகப் பொருந்த வேண்டும். நூலகத்தில் வைஃபை இருந்தால் அங்கே போய் இறக்குவது இன்னும் உத்தமம்.

நிறுவும்போது டிஸ்க்கை முழுவதும் அழிக்கவா என்று கேட்கும். கோப்புகள் வெளியே இருப்பதை இன்னொரு கணினியில் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, ஆம் என்று கொடுங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

நிறுவி முடித்த அன்றே

வைஃபை தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பிராட்காம் சிப் இருக்கும் பழைய லேப்டாப்களில் இது வழக்கம். போனை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள்; நெட் வந்துவிடும். பிறகு மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் வேண்டிய டிரைவரை அதுவே காட்டும்.

எடுத்து வைத்த பாமினி, வானவில் எழுத்துருக்களை டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள். லிப்ரே ஆஃபிஸில் பழைய அழைப்பிதழ் ஒன்றைத் திறந்து தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பாருங்கள். தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இனி அடிப்பதையாவது யூனிகோடில் அடியுங்கள். அடுத்த முறை இந்தத் தொல்லை இருக்காது.

பிரிண்டரில் ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள். மூடியை மூடித் திறந்து லேப்டாப் விழிக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் டைம்ஷிஃப்ட் செயலியைத் திறந்து இன்றைய நிலையை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். நாளை ஏதாவது அப்டேட் கெடுத்தால் இந்த நிலைக்கே திரும்பலாம். அது சிஸ்டத்தை மட்டும்தான் காக்கும். பட்டா, ரசீது, போட்டோக்களுக்குத் தனிப் பிரதி வெளியே இருந்தே ஆக வேண்டும்.

பூட் பென்டிரைவை அழித்துப் பாட்டு ஏற்றிவிடாதீர்கள். எந்தப் பதிப்பு, எந்தத் தேதி, உங்கள் லேப்டாப்பின் பூட் மெனு விசை எது என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி அதில் ஒட்டி, சார்ஜர் பையிலேயே போட்டு வையுங்கள்.